வீட்டுக்குச் செய்தி சொல்லும் பாடசாலை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)





கல்வியைப் பற்றி ஏதாவது பேசவேண்டும் என்று நமது செயலாளர் அவர்கள் பணித்தபோது யான் மிகவும் தயங்கினேன். இன்னும் படித்து முடியாதவன் யான். இம்மண்டபத்திலோ முப்பது, நாற்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்ந்த ஆசான்கள் முன்வரிசையில் வீற்றிருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில் கல்வியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் ஒரு துணிவு உண்டு. பாடசாலை வாங்கிலிருந்து எழுந்து வந்து சில ஆண்டுகளே ஆனவன் யான். வாங்கில் இருந்தவனுக்குத் தெரிந்த சில சங்கதிகள், நாற்காலியில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். அவற்றைச் சொல்லவே வந்தேன்.

யான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. தரம் 6 முதல் தரம் 9 வரையுள்ள நடு வகுப்புகளில் ஒரு பிள்ளை படிக்கும்போது, பாடசாலை அப்பிள்ளையின் வீட்டோடு எவ்வாறு பேசுகிறது, எவ்வாறு பேசவேண்டும் என்பதே அது. இதற்கு உதாரணமாக நம் அயலூராகிய எருக்கலம்பிட்டியை எடுத்துக்கொள்கிறேன். காரணத்தை ஒரு கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

மிஷனார் தொடக்கிய பாடசாலையொன்றில் யான் கற்ற காலத்தில், எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த நண்பன் ஒருவன் என் பக்கத்தில் இருந்தான். கணக்கில் அவனே முதல்வன், யான் இரண்டாவது. அவனுடைய வாப்பா கடல் கடந்து அரபு நாட்டில் வேலை செய்தார். உம்மா கைக்குழந்தைகளோடு புத்தளத்தில் இருந்தார். இவன் வாப்பும்மாவோடு எருக்கலம்பிட்டியில் தங்கிப் படித்தான். 2016ஆம் ஆண்டில், தரம் 8 இல், முதலாம் தவணை விடுமுறைக்குப் புத்தளம் போனவன் பின்னர் வகுப்புக்கு வரவில்லை. இனிப் புத்தளத்தில்தான் படிக்கப் போகிறேன் என்று வாப்பும்மாவிடம் சொன்னான். மன்னாரில்தான் படிக்கிறேன் என்று உம்மாவிடம் சொன்னான். ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று திரிந்தான். இடையில் ஒரு மீன் வாடியில் கைவேலைக்கும் சேர்ந்துவிட்டான்.

பாடசாலையிலிருந்து கடிதம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போயிற்று. தரம் 6 இல் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த முகவரிக்குப் போயிற்று. அந்த வீட்டில் அப்போது வேறொரு குடும்பம் இருந்தது. கடிதம் திரும்பி வந்தது. இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வரவின்மைக் குறி வரிசையாக விழுந்தது; பிறகு அப்பெயரின்மேல் ஒரு சிவப்புக் கோடு. ஆண்டிறுதியில் வாப்பா விடுமுறையில் ஊருக்கு வந்து, "தேர்ச்சி அறிக்கை எங்கே மகன்?" என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் ஓர் ஆண்டு கடலோடு போய்விட்டது. அவன் மறுபடி வாங்குக்குத் திரும்பவே இல்லை.

சபையோரே, இக்கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மீன் சந்தையில் அவனை யான் இரண்டு முறை கண்டேன். "ஒருவருக்கும் சொல்லிப்போடாதே" என்று கேட்டுக்கொண்டான். யானும் சொல்லவில்லை. சிநேகிதத்துக்குச் செய்யும் மரியாதை அதுவே என்று பதின்மூன்று வயதில் எண்ணியிருந்தேன். இன்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு சுடுகிறது.

இவன் ஒருவன் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றிய கதை இது என்று சிலர் நினைக்கலாம். அவன் ஏமாற்றினான் என்பது உண்மை. ஆனால் அப்படி ஏமாற்ற இடமளித்தது எது? அதை அறிய எருக்கலம்பிட்டியின் அண்மைக்கால வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

மன்னார்த் தீவின் வடகரையில், நகரிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள பழமையான முஸ்லிம் ஊர் எருக்கலம்பிட்டி. மத்திய கல்லூரியும் பெண்கள் பாடசாலையும் கொண்ட கல்வியூர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது கணக்கு. மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளம் மாவட்டத்தில் நாகவில்லு போன்ற இடங்களில் ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்வு நாளடைவில் கல்வீடாயிற்று. அங்கேயே பாடசாலை எழுந்தது, பிள்ளைகள் பிறந்தனர், திருமணங்கள் நடந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவில்லை, பலருக்கோ ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. அன்று நடந்தது நம் அயலில் நடந்தது. நாம் பிறக்கும் முன் நடந்தது என்று வாலிபராகிய நாம் கைகழுவிவிட இயலாது. அதன் விளைவு இன்றும் நம் வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் வந்து அமர்கிறது.

இரண்டு வீடு, இரண்டு மாவட்டம், இரண்டு மாகாணம். வடக்கின் பாடசாலை வட மாகாணத்துக்குக் கணக்குக் கொடுக்கிறது. புத்தளத்துப் பாடசாலை வடமேல் மாகாணத்துக்குக் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மதவாச்சி, அனுராதபுரம் சுற்றிப் போகும் நீண்ட பேருந்துப் பயணம். அந்தப் பயணத்தில் ஒரு பிள்ளை தொலைந்து போனால், இரண்டு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தில் அவன் பத்திரமாக இருக்கிறான் என்றே நினைத்துக்கொள்வர். என் நண்பன் தொலைந்தது இந்த இடைவெளியிலேதான்.

இனி, நடு வகுப்புகளை ஏன் தனியாக எடுத்துப் பேசுகிறேன் என்பதைக் கூறுகிறேன். தரம் 1 முதல் 5 வரை தாய்மார் பாடசாலை வாசலிலேயே நிற்கின்றனர். கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுகின்றனர். வகுப்பாசிரியர் ஒருவரே, அவரோடு நாள்தோறும் பேச முடிகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிட்டாலோ வீடு முழுவதும் பரீட்சை எழுதுகிறது! மறுபுறம், தரம் 10, 11 இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை என்னும் அச்சம் பெற்றோரை மீண்டும் பாடசாலைக்கு இழுத்து வருகிறது. நடுவில் உள்ள நான்கு ஆண்டுகளில் பொதுப் பரீட்சை ஒன்றும் இல்லை. ஓர் ஆசிரியர் இருந்த இடத்தில் பாடத்துக்கொருவராக எட்டு, ஒன்பது ஆசிரியர்கள். யாரிடம் கேட்பது என்று தாய்க்குத் தெரியாது. பிள்ளையும், "நீங்கள் வரவேண்டாம் அம்மா, மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள்" என்கிறது. மீசை அரும்புகிற, குரல் உடைகிற காலம் அது. பெண்பிள்ளைகளுக்கோ வீட்டாரின் கட்டுப்பாடு இறுகுகிற காலம். பிள்ளைக்கு வழிகாட்டி மிகவும் வேண்டிய காலத்திலேயே வீடும் பாடசாலையும் ஒன்றையொன்று பார்க்காமல் விட்டுவிடுகின்றன.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையென்று எண்ணவேண்டாம். அமெரிக்கப் பேராசிரியை ஜோய்ஸ் எப்ஸ்டைன் என்பவர் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். பிள்ளை மேல்வகுப்புக்கு ஏற ஏறப் பெற்றோரின் தொடர்பு தேய்கிறது என்றும், பாடசாலை முறையாக முயன்றால் அத்தேய்வு நேராது என்றும் அவர் காட்டினார். பெற்றோர் பங்கெடுப்பை அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: வீட்டில் பிள்ளை வளர்ப்பு, செய்திப் பரிமாற்றம், தொண்டு, வீட்டில் படிப்புக்குத் துணை, முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு ஒத்துழைப்பு. இந்த ஆறில் நம் பாடசாலைகள் நன்கு அறிந்தது ஒன்றே என்பது என் தாழ்மையான கருத்து. சிரமதானத்துக்குக் கூப்பிடத் தெரியும்!

நம் முன்னோர் இதில் பின்தங்கியவரல்லர். மிஷன் பாடசாலையில் கற்று அங்கேயே கற்பிக்கவும் செய்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அறிஞர் சித்திலெப்பை முதலானோரின் முயற்சியால் 1892 இல் கொழும்பில் சாஹிராக் கல்லூரி எழுந்தது. சமயம் வேறு, மொழி ஒன்று, எண்ணமும் ஒன்று. பிள்ளையின் படிப்பு ஊராரின் பொறுப்பு என்பதே அவ்வெண்ணம். தமிழகத்தில் 1950களின் இறுதியில் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே, ஊர் மக்கள் மேசை, நாற்காலி, மணி, கடிகாரம் என்று பள்ளிக்கு வேண்டியவற்றைத் தாமே கொண்டுவந்து கொடுத்தனர். கொடுத்தவன் பிறகு அந்தப் பள்ளியை எட்டிப் பாராமல் இருப்பானா?

நம் நாட்டில் 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அது கிடைத்தற்கரிய பேறு. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அதனால் ஏழைப் பிள்ளைக்குப் பல கதவுகள் திறந்தன என்பதை யார் மறுப்பர்? ஆயினும் ஒன்று குறைந்தது. முன்பு குறையிருந்தால் ஊரிலுள்ள முகாமையாளரிடம் போய்ச் சொல்லலாம். பின்பு திணைக்களத்துக்கு எழுதவேண்டியதாயிற்று. "அது கவர்மெண்டுப் பள்ளிக்கூடம், நமக்கென்ன?" என்ற பேச்சு மெல்ல மெல்ல நம் நாவில் ஏறிற்று.

இக்குறையைப் போக்கவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஏற்பட்டன. அதிபர் தலைவர், ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் அங்கத்தவர். 1993 இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 2006 முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் என்பதும் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கல்வி வயது 1998 இல் 14 என்று விதிக்கப்பட்டு, 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. என் நண்பன் வாங்கை விட்டு எழுந்ததும் அந்த 2016 இலேதான்! இந்தியாவிலும் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே சட்டத்தில் குறைவில்லை. சட்டம் கூட்டத்தைக் கூட்டலாம். கூட்டத்துக்கு வந்த தாயைப் பேசவைக்கச் சட்டத்தால் இயலாது.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் எருக்கலம்பிட்டியில் நடு வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது தாய்மார் பலரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் போவதில்லை என்று கேட்டேன். விடைகள் மூன்று வகையாயிருந்தன.

ஒருவர் சொன்னார்: "போனால் காசு கேட்பாங்க மகன்." உண்மையோ பொய்யோ, அச்சம் இருக்கிறது. கூட்டமென்றாலே கட்டணம் என்று ஆகிவிட்டால், கையில் காசில்லாதவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

இன்னொருவர் சொன்னார்: "எல்லாருக்கும் முன்னால் என் பிள்ளையின் குறையைச் சொல்வாங்க. தலையை எங்கே வைப்பது?" பாடசாலை வீட்டுக்கு ஆள் அனுப்பினால் அது குற்றம் சொல்லத்தான் என்று ஊரில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. நல்லதைச் சொல்ல யாராவது எப்போதாவது வந்ததுண்டா?

மூன்றாமவர் சொன்னது: "காலை பத்து மணிக்குக் கூட்டம். அந்த நேரம் இவர் கடலிலிருந்து வந்து வலை உதறிக்கொண்டிருப்பார்." சோளகக் காற்றுக்கு ஒரு கரை, வாடைக் காற்றுக்கு மறு கரை என்று தொழில் இடம் மாறுகிற தீவில், நேரசூசியைக் கந்தோர்க் கணக்கில் வகுத்தால் மீனவர் எவ்வாறு வருவர்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவையும் நோன்பு மாதத்தையும் கருதாமல் திகதி குறித்தாலும் இதே கதைதான்.

இவற்றோடு கைத்தொலைபேசியின் கதையும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப் குழுக்கள் திடீரென்று முளைத்தன. என் தங்கை அப்போது நடு வகுப்பில் இருந்தாள். வீட்டில் ஒரே தொலைபேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் வந்தபின், காலையில் வந்த பாடத்தை அவள் பார்ப்பாள். இருந்தாலும் அக்காலத்தில் ஒரு நன்மை விளைந்தது. ஆசிரியரின் குரலைத் தாய்மார் முதன்முதலாக வீட்டுக்குள் கேட்டனர். தூரத்திலிருந்த தகப்பன்மாரும் குழுவில் சேர்ந்து மகனின் பாடத்தைப் பார்த்தனர். தீமையும் உண்டு. வகுப்பார் அனைவருடைய புள்ளிகளையும் ஒரே குழுவில் இட்டு, கடைசிப் பிள்ளையின் தாயைத் தலைகுனியச் செய்த செயல்கள் நடந்தன. ஆயுதம் நல்லது, பிடிக்கும் கை பழகவேண்டும்.

பெரியோர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். "எங்கள் காலத்தில் எங்கள் ஐயா ஒரு நாளாவது பள்ளிக்கூடப் படி மிதித்ததில்லை. நாங்கள் படிக்கவில்லையா?" நியாயமான கேள்வி. ஆனால் அக்காலத்தில் வாத்தியார் ஊரிலேயே இருந்தார். கோயில் வீதியிலும் கடைத்தெருவிலும் தகப்பனைக் கண்டார். "உன் மகன் இரண்டு நாளாய் வரவில்லையே" என்று நின்ற நிலையில் கேட்டார். கூட்டம் கூட்டாமலே செய்தி போய்ச் சேர்ந்தது. யான் படித்த மிஷன் பாடசாலையிலும் வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாலையில் சைக்கிளில் புறப்பட்டு மாணவரின் வீடுகளுக்குப் போவார். ஒரு தேநீர் குடிப்பார். பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வார். பிறகுதான் குறையைச் சொல்வார். யான் தரம் 8 க்கு வருமுன்னரே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தச் சைக்கிள் அன்று ஓடிக்கொண்டிருந்தால் என் நண்பன் இன்று என்னோடு பல்கலைக்கழகத்தில் இருந்திருப்பான் என்று யான் பலமுறை எண்ணுவதுண்டு. இன்று ஆசிரியர் பலர் தூரத்திலிருந்து பேருந்தில் வந்து பேருந்தில் திரும்புகின்றனர். தானாக நடந்த காரியத்தை இப்போது முயன்று நடத்தவேண்டியிருக்கிறது.

ஆதலால், அனுபவத்திற் கண்ட சில யோசனைகளைப் பாடசாலைகளின் முன்னும் நம் சங்கத்தின் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் புதிதாகக் கேட்டு எழுதவேண்டும். இரண்டு வீடுள்ள பிள்ளைக்கு இரண்டு முகவரி, இரண்டு எண். யாரோடு பிள்ளை உறங்குகிறது, யார் அதன் செலவைப் பார்க்கிறார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டாவது, காரணமின்றி மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டோடு மூன்றாம் நாளே பேசவேண்டும். கடிதம் போய்த் திரும்பும்வரை காத்திருத்தல் கூடாது. பிள்ளை வேறு பாடசாலைக்குப் போவதாகச் சொன்னால், விடுகைப் பத்திரம் கொடுத்ததோடு கடமை முடிந்ததாகக் கொள்ளாமல், அங்கே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, தவணைக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போகவேண்டும். "உங்கள் மகள் இன்று ஒரு சிறுபிள்ளையைத் தூக்கிவிட்டாள்" என்பதும் செய்திதான். நல்லதைக் கேட்ட காது, குறையைச் சொல்லும்போதும் மூடிக்கொள்ளாது.

நான்காவது, பெற்றோர் கூட்டத்தைத் தொழிலுக்கும் வழிபாட்டுக்கும் இசைந்த நேரத்தில் வைக்கவேண்டும். பணப்பேச்சுக்கு வேறு நாள். பிள்ளையின் குறை பெற்றோரோடு தனியே பேசத்தக்கது. கூட்டத்தின் பாதி நேரம் பெற்றோர் பேசவும் ஆசிரியர் கேட்கவும் வேண்டும்.

ஐந்தாவது, எழுத்து வாசிக்கச் சிரமப்படும் தாய்க்கு அச்சிட்ட சுற்றறிக்கையால் பயனில்லை. எளிய தமிழில் ஆசிரியர் குரலிலேயே அரை நிமிடச் செய்தி அனுப்பலாம். புள்ளிகளோ அவரவர்க்கு மட்டும்.

இவ்வளவையும் ஆசிரியரின் தலையிலேயே கட்டுவது அநியாயம். நாற்பது பிள்ளைகளின் பாடம், பரீட்சைத் தாள், வலயக் கல்வி அலுவலகத்துக்கு நிரப்பவேண்டிய படிவங்கள் எல்லாம் அவர் கையிலே. இங்கேதான் வாலிபர்களாகிய நமக்கு வேலை உண்டு. விடுமுறைக்கு ஊர் வரும் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும், அதிபரின் அனுமதியோடு, ஐந்து நடு வகுப்புப் பிள்ளைகளின் வீட்டை அறிந்துகொண்டால் என்ன? நம் கோயிலடியிலுள்ள பிள்ளையென்றும் பள்ளிவாசலடியிலுள்ள பிள்ளையென்றும் பேதம் பாராமல் இதனைச் செய்யவேண்டும் என்பது என் விண்ணப்பம். எருக்கலம்பிட்டித் தாய்மார் என்னை, "நீ எந்த ஊர், எந்தச் சமயம்?" என்று கேட்கவில்லை. "கணக்கு விளங்குதா என்று பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றுதான் கேட்டனர்.

என்னையொத்த இளைய அன்பர்களுக்கும், வகுப்பில் இருக்கும் தம்பி தங்கையருக்கும் ஒரு வார்த்தை. உன் தோழன் பாடசாலைக்கு வராமல் திரிவதை நீ அறிந்தால், உனக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ அவன் வீட்டாரிடமோ சொல். அவன் சில நாள் உன்னோடு கோபித்துக்கொள்வான். அதைப் பொறுத்துக்கொள். யான் பொறுக்கத் துணியாததால் வந்த வினையைக் கண்டவன் சொல்கிறேன்.

இவ்வுரையை எழுதிய பின் அந்த நண்பனிடமே வாசித்துக் காட்டினேன். அவன் இப்போது மீன் வியாபாரம் செய்கிறான். தராசு காட்டும் நிறைக்கு விலையைக் கண்மூடித் திறக்குமுன் சொல்லிவிடுகிறான். தன் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்ல இணங்கினான். முழுவதும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு சொன்னான்: "எல்லாரும் கேட்டாங்க மச்சான். ஆனா எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்கல்ல."

சபையோரே, யான் இவ்வளவு நேரம் சொல்லியதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அவனுடைய கடைசித் தங்கை இப்போது தரம் 7 இல் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு அவனே போகிறான். அவளுடைய வகுப்பாசிரியரின் எண் அவன் தொலைபேசியில் முதலாவதாக இருக்கிறது. புத்தளத்திலுள்ள உம்மாவுக்குச் செய்தி அன்றன்றே போய்ச் சேர்கிறது.

ஒருவர் கேட்கவேண்டும், மற்றவர் சொல்லவேண்டும். வீடும் பாடசாலையும் இதைச் செய்தால் நடு வகுப்புப் பிள்ளை நடுவழியில் நில்லாது.